மூங்கில் மேட்டு ஏற்றம்

மூங்கில் மேட்டு ஏற்றத்தில் சைக்கிள் லேசாகப் போனது. அதுதான் தம்பிதுரைக்கு முதலில் உறுத்தியது. ஆனைமலைக் காட்டுத் தடத்தில் அந்த ஒரு மேட்டில் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கால் கழன்றுபோகும். அவனோ மரம் வெட்டும் கூப்பில் விடிந்ததிலிருந்து ஆட்களை விரட்டி வேலை வாங்கிக் களைத்த மேஸ்திரி. பொழுது சாயுமுன் சேத்துமடை வனச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் வந்தவன். மிதிக்க மிதிக்கப் பெடல் தானாகக் கீழே இறங்கியது. காய்ந்த மூங்கில் தோகை டயருக்கடியில் நொறுங்கும் சத்தத்துக்குக் கொஞ்சம் பிந்தி, பின்னால் இன்னொரு நொறுங்கல். வெறுங்கால் சத்தம்.

முன்பெல்லாம் இந்த மேட்டில் தள்ளுகிறவன் நஞ்சுண்டன். கூப்பில் மரம் அறுக்கும் வாள் இழுக்கிறவன். தினமும் மேஸ்திரியின் கேரியரில்தான் போக்கும் வரத்தும். மேடு வந்தால் குதித்து இறங்கித் தள்ளுவான். உச்சியில் தாவி ஏறி, போகலாம் என்பதற்கு முதுகில் ஒரு தட்டுத் தட்டுவான்.

"தள்ளறது நானு. ஊருக்குள்ள மட்டும் மேஸ்திரி சைக்கிள்ல வாராருன்னு பேருங்க!"

"பேசாமத் தள்ளுடா. உம்பட பொண்டாட்டி ஆக்கிப்போட்ட களியெல்லாம் எங்க போச்சு?"

இருபது நாளைக்கு முன்னால், இதே உச்சியில், மூங்கில் புதர் படபடவென்று முறிந்து ஒற்றை யானை வந்தது. நஞ்சுண்டன் கேரியரை இறுகப் பிடித்து ஏறப் போனான். இரண்டு ஆளோடு வண்டி வேகமெடுக்காது. தம்பிதுரை திரும்பிப் பார்க்காமல் செருப்புக் குதிகாலால் அந்த விரல்கள்மேல் உதைத்தான். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. அப்புறம் இறக்கம்தான். "மேஸ்திரி, மேஸ்திரி" என்ற கூப்பாடு இரண்டாவது வளைவு வரைக்கும் வந்தது.

"நஞ்சுண்டன் தேனெடுக்கக் கிழக்கால இறங்கிப் போனானுங்க" என்று சாவடியில் சொல்லிப்போட்டான். கிழக்கேதான் தேடினார்கள். இந்தச் சரிவை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவன் மரவண்டிகளோடு சுற்றுத்தடத்தில்தான் சைக்கிளை விட்டான். இன்று வண்டிகள் முன்னாலேயே போய்விட்டன.

நஞ்சுண்டன் பெண்டாட்டி காளியாத்தாள் தாலியைக் கழற்றவில்லை. சாயங்காலமானால் தூக்குப்போசியில் சோற்றோடு சாவடியில் வந்து நிற்பாள்.

"ஏனுங்க, இன்னைக்காவது கண்ணுல பட்டாருங்களா?"

"வந்துருவான் அம்மணி."

சொல்லும்போது அவன் போசியைத்தான் பார்ப்பான். அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

உச்சி வந்தது. மண்ணும் பழைய ரத்தமும் கலந்த வாடை. கேரியர் கிறீச்சிட்டுத் தாழ்ந்தது. பின் டயர் நசுங்கியது.

முதுகில் ஒரு தட்டு.

இறக்கம். பிரேக்கை நெரித்தான். நிற்கவில்லை. ஒரு வளைவு. இன்னொரு வளைவு. காதோரம் மூச்சு. நெஞ்சு நொறுங்கினவன் வாங்குகிற மூச்சு.

அவன் திரும்பவில்லை. அன்றைக்கும் திரும்பவில்லை.

"நாஞ் சொல்லிப்போடறேன், நஞ்சுண்டா. இன்னைக்கே அவகிட்டச் சொல்லிப்போடறேன். எறங்கிக்கடா."

பாரம் இறங்கவில்லை.

சாவடி. சைக்கிள் தானாக நின்றது. தடுப்பு மூங்கிலுக்கு அந்தப் பக்கம் காளியாத்தாள், கையில் போசி. சொல்லிவிட வேண்டும். வாயைத் திறந்தான். பழகின பொய்தான் வந்தது.

"வந்துருவான் அம்மணி."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. போசியின் மூடியைத் திறந்தாள்.

"ஏனுங்க, இத்தனை நாளா எங்கீங்க இருந்தீங்க?"

அப்புறம் அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. சிரிப்பு அப்படியே முகத்தில் உறைந்து நின்றது.

"யாருங்க... உங்களை இப்படி உட்டுப்போட்டு வந்தது?"

தம்பிதுரையின் தோளுக்கு மேலாக ஒரு கை முன்னால் நீண்டது. நகக்கண்ணில் மண். நாலு விரலும் முறிந்து பின்பக்கமாக மடங்கியிருந்தன. மடங்கின நாலும் அவன் முகத்தையே காட்டிக்கொண்டு நின்றன.