நடுவில் வேகாத கேக்

மழை மட்டும் அன்று ஒரு கால்மணி நேரம் பொறுத்துக்கொண்டிருந்தால், இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது!

ஆனால் மழைக்கு ஏது பொறுமை... வானமே பொத்துக்கொண்ட மாதிரி கொட்டியது. குடையை வேலை செய்யும் இடத்திலேயே மறந்துவிட்டு வந்தவள், கண்ணில் பட்ட முதல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பலூன்கள்... புதுப் பெயிண்ட்... சூடான வெண்ணெய் வாசனை... அன்றுதான் திறந்திருந்த கேக் கடை அது.

"வாங்க வாங்க! மழை கூட்டிட்டு வந்த விருந்தாளியா? முதல்ல ஒரு துண்டு எடுத்துக்குங்க. இன்னிக்கு எல்லாமே இலவசம்!"

தட்டை நீட்டியவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டேதான் துண்டை வாயில் போட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று.

இரண்டு தடவை மென்றாள். அவளுடைய கை தன் பாட்டுக்கு மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவியது. வாயிலிருந்ததை அதில் துப்பி, மடித்து, தட்டின் ஓரத்திலேயே வைத்தாள்.

"நடுவுல வேகல. உப்பு தூக்கல். இதை வெளியே அனுப்பக் கூடாது," என்றாள், தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

கடை கப்சிப் ஆனது. கேக்கைக் கையில் வைத்திருந்த நாலைந்து பேர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் துண்டை ஓசைப்படாமல் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஒரு பிஸ்கட் ஃபேக்டரியில் ருசி பார்ப்பது அவள் வேலை. ஒரு சின்ன அறை, சுவரில் ஒரு சின்ன ஜன்னல். ஜன்னல் திறக்கும், நம்பர் போட்ட ஒரு தட்டு வரும். மெல்ல வேண்டும், துப்ப வேண்டும், குறையைச் சொல்ல வேண்டும், வாயைக் கொப்பளிக்க வேண்டும். வருவதையெல்லாம் விழுங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அவளுடைய நாக்கைத் தப்பி ஒரு பிஸ்கட்டும் போனதில்லை. அங்கே எல்லோரும் அவளைக் 'கத்தரிக்கோல்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

"மேடம்..." அவனுடைய கண்கள் இப்போது சிரிக்கவில்லை. "பிடிக்கலைன்னா வச்சிட்டுப் போயிருக்கலாமே... துப்பணுமா?"

"அப்ப பொய் சொல்லச் சொல்றீங்களா? நான் உள்ளதைத்தான் சொன்னேன்."

"உள்ளதைத்தான் சொன்னீங்க, சரி. செஞ்சவங்க மூஞ்சியை ஒரு தடவை பார்த்துட்டுச் சொன்னீங்களா?"

பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் புது ஏப்ரன் கட்டிக்கொண்டு ஒரு அக்கா நின்றிருந்தாள். வருகிறவர்களுக்காக வைத்திருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், அப்படியே முகத்தில் வைத்துக்கொண்டு...

மழை விடவில்லை. ஆனாலும் அவள் கதவைத் திறந்துகொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

அடுத்த வாரம் டிரைவிங் வகுப்பு. பஸ்ஸை நம்பி நனைந்தது போதும் என்று, அந்த மழைக்கு முன்பே பணம் கட்டியிருந்தாள். காலையில் தெருமுனையில் வந்து நின்ற காரின் கதவைத் திறந்தால்... பக்கத்து சீட்டில் அதே கண்கள்!

"நீங்களா?" என்றாள் அவள்.

"நானேதான். இறங்கிடறீங்களா? பணம் திருப்பித் தர மாட்டாங்க, சொல்லிட்டேன்."

"இறங்க மாட்டேன். நீங்க வேணா இறங்கிக்குங்க."

"நான் இறங்கிட்டா பிரேக் யாரு போடறது?" என்று தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கைக் காட்டினான்.

வண்டி கிளம்பியது என்று சொல்ல முடியாது, குதித்தது. ஒரு குப்பைத்தொட்டி மயிரிழையில் தப்பியது. நடைபாதை மேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கியது. போச்சு, இன்றைக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவளே அவனாக இருந்திருந்தால் இந்த வாய்ப்பை விட்டிருப்பாளா என்ன?

"ஸ்டியரிங்கைப் பதறாமப் பிடிக்கறீங்க. அது எல்லாருக்கும் வராது," என்றான் அவன். "ஆனா கண்ணாடியைப் பார்க்கவே மாட்டேங்கறீங்க. பின்னாடி ஒரு ஆள் வர்றதே உங்களுக்குத் தெரியல. இப்படி ஓட்டினா கண்டிப்பா இடிப்பீங்க. பரவால்ல, இன்னொரு தடவை பார்ப்போம்."

அவ்வளவுதான். திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை... மழுப்பவும் இல்லை. இடிப்பீங்க என்பதை இடிப்பீங்க என்றுதான் சொன்னான். ஆனால் அதைக் கேட்டு அவள் குறுகிப் போகவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள். அது எப்படி? அன்று வேலைக்கு நடுவில் கூட அந்தக் கேள்வி நாக்கிலேயே நின்றது.

மறுநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். "என் மேல உங்களுக்கு எவ்வளவு கோபம் இருக்கும்... ஏன் திட்டல?"

"திட்டினா நீங்க ரோட்டைப் பார்க்க மாட்டீங்க, என் மூஞ்சியைத்தான் பார்ப்பீங்க. அப்புறம் வண்டி எங்க போகும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். சட்டென்று ரோட்டைப் பார்த்தாள். கியர் மாற்ற வேண்டியது மறந்துபோய், என்ஜின் உறுமியது.

"செகண்ட்... செகண்ட்டுக்கு மாத்துங்க மேடம்!"

இப்படியே நாட்கள் போயின. காலை எப்போது வரும் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். டிரைவிங் மேல் அப்படி ஒரு ஆசை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பொய்யே சொல்லாதவள், பாவம், தன்னிடம் மட்டும் கொஞ்சம் சொல்லிக்கொண்டாள்...

ஒரு நாள் ரோட்டை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறு வழியாகத் திரும்பச் சொன்னான். திரும்பினால் அந்தக் கேக் கடை. ஷட்டர் இறங்கியிருந்தது. அதற்கு மேலே கட்டியிருந்த பலூன்கள் சுருங்கித் தொங்கின.

"இன்னிக்கு லீவா?"

அவன் ஷட்டரைப் பார்த்தபடியே சொன்னான். "அன்னிக்கு மூடினது. அக்கா அப்புறம் திறக்கவே இல்ல."

கார் ஒரு குலுங்கு குலுங்கி, நடுரோட்டில் நின்றுபோனது. பின்னால் ஹாரன்கள் அலறின.

"என்னாலயா?" என்றாள்.

"ஆமா," என்றான். பிறகு மெதுவாக, "என்னாலயும்தான்," என்றான்.

வண்டியை ஓரம் கட்ட வைத்துவிட்டுச் சொன்னான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். கேக் கடை அக்காவின் எத்தனையோ வருஷத்து ஆசை. கடைக்கென்று பெரிய ஓவன் வந்ததிலிருந்து தினமும் ஒரு கேக் செய்து கொண்டுவந்து அவன் முன்னால் வைப்பாள். வைத்துவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"நடுவுல மாவு அப்படியே இருக்கும். முழுங்கிட்டு சூப்பர்க்கான்னு சொல்லிடுவேன். அவ கண்ணைப் பார்த்தா வேற எதுவும் வரல... ஒவ்வொருத்தருக்கும் ரோட்டுல தப்பைச் சொல்லிக் கொடுக்கறவன் நான். சொந்த அக்காகிட்ட சொல்லாம, அவளைக் கொண்டுபோய் ஊர் முன்னாடி நிறுத்திட்டேன்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடை இனித் திறக்காமலே போய்விட்டால்? "என்னை உங்க அக்காகிட்ட கூட்டிட்டுப் போங்க."

"வேண்டாம். மன்னிப்புக் கேக்கறேன்னு போய், கேக் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லி வைப்பீங்க. அவ உடனே கண்டுபிடிச்சிடுவா."

"சொல்ல மாட்டேன். எனக்குப் பொய் வராது."

"அதுதாங்க இன்னும் பயமா இருக்கு!"

ஆனாலும் கூட்டிக்கொண்டு போனான்.

கதவைத் திறந்த அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யாரு... டிஷ்யூ பொண்ணா?"

அவளுக்குக் காது வரை சூடேறியது. "ஆமாக்கா. அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. துப்பினது தப்பு. உங்களை ஒரு ஆளாவே பார்க்காம, அத்தனை பேர் முன்னாடி தீர்ப்புச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. என்னை மன்னிச்சிடுங்க."

"சரி. அப்ப கேக் நல்லா இருந்துச்சுங்கறே?"

பின்னால் நின்றவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். தூக்கமில்லாத கண்கள். கையில் ஓவன் சுட்ட பழைய தழும்பு. இந்த முகத்துக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று முதல் முறையாக அவளுக்கும் ஆசை வந்தது... ஆனால் அப்படி ஒரு பொய்தானே இந்த அக்காவைத் தினமும் ஏமாற்றியது?

"இல்லக்கா. நடுவுல வேகல," என்றாள் மெதுவாக. "ஆனா நான் அன்னிக்குப் பாதியைத்தான் சொன்னேன். அதுல ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டிருந்தீங்க இல்ல? அந்த வாசனை... பிஸ்கட் ஃபேக்டரியில எத்தனை வருஷமா ருசி பார்க்கறேன், அந்த மாதிரி ஒண்ணு என் வாய்க்கு வந்ததே இல்லக்கா. அதுவும் உண்மைதான். அதை நான் சொல்லவே இல்ல. எங்க வேலையில நல்லதைச் சொல்றதுக்கு யாரும் காசு தர்றதில்ல. அதுவே பழகிப் போச்சு."

அக்கா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண்ணோரம் பளபளத்தது. அதைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "சின்ன ஓவன்ல நல்லாத்தானேம்மா வந்துச்சு... பெருசுல ஏன் வேகல?"

"பெரிய டின்னா? சூடு எவ்வளவு வைக்கறீங்க?"

"அதே சூடுதான். மேல சிவந்ததும் எடுத்துடுவேன்."

"மேல சீக்கிரம் சிவந்துடும்க்கா, உள்ள சூடு போகாது. சூட்டைக் குறைச்சிட்டு அதிக நேரம் விடணும். வெண்ணெய் உப்புப் போட்டதா?"

"ஐயோ! ஆமா... கடைக்குன்னு மொத்தமா வாங்கினது. அதுக்கு மேல நான் வேற உப்புப் போட்டிருக்கேன்!" தலையில் அடித்துக்கொண்ட அக்கா, தம்பி பக்கம் திரும்பினாள். "டேய்! நீ தினமும் தின்னியேடா, உனக்குத் தெரியலையா?"

"தெரியும்க்கா..."

"தெரிஞ்சுமா? இவ துப்பினா. நீ முழுங்கி முழுங்கியே என்னை முட்டாளாக்கிட்டியேடா! நாளைக்கு இவளும் வரட்டும், நீயும் வா. நீ வாயைத் திறந்து உண்மையைச் சொல்ற வரைக்கும் உனக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது!"

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் அந்த அடுப்படியில் கழிந்தன. அவள் துப்பவில்லை, விழுங்கினாள். அவன் "சூப்பர்" என்ற வார்த்தையை மறந்தான். "இது நேத்தைவிட நல்லா இருக்கு, ஆனா அடி கொஞ்சம் தீய்ஞ்சிருக்குக்கா" என்று அவன் முதல் முறை சொன்ன அன்று, அக்கா கரண்டியை ஓங்கினாள்... ஓங்கிய கையோடு அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

கடை மறுபடி திறந்த அன்றுதான் அவளுடைய கடைசி வகுப்பு. அன்றும் மழை. கடைக்கு எதிரில் காரை நிறுத்தினாள், சுவரில் இடிக்காமல். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கூட்டம் மொய்த்தது. அக்காவுக்கு நிற்க நேரமில்லை. ஒருவர் கையில் ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு, இன்னொன்றுக்குக் காத்திருந்தார்.

இருவருமே இறங்கவில்லை. வைப்பர் மட்டும் போய்ப் போய் வந்தது.

"இன்னியோட கிளாஸ் முடிஞ்சுது," என்றான்.

"ம்... நான் எப்படி ஓட்டறேன்? உண்மையைச் சொல்லுங்க."

"கண்ணாடியைப் பார்க்கறீங்க. திருப்பத்துல அவசரப்படறதில்ல. ரிவர்ஸ்தான்... உங்களைப் பார்த்தாலே சுவரெல்லாம் நடுங்குது."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா வாய் வரைக்கும் வருது... முழுங்கிடறேன்."

"முழுங்கறதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே!"

"கிண்டல் பண்ணாதீங்க. மத்தவங்கன்னா எப்பவோ கேட்டிருப்பேன். பிடிக்கலைன்னாலும் மனசு நோகாம ஏதாவது சொல்லிடுவாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க... அதான் கேக்கவே பயமா இருக்கு." மூச்சை இழுத்து விட்டான். "உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு... என்னை...?"

எதற்கும் சட்டென்று பதில் சொல்கிற கத்தரிக்கோல் அவள். ஆனால் இந்தத் தடவை முதலில் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் தவிக்கிற கண்கள்... எத்தனை பயம் இந்த மனுஷனுக்கு! அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு நெஞ்சு நிறைந்து வழிந்தது.

"பிடிச்சிருக்கு," என்றாள்.

மழை சத்தத்தில் அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்க வேண்டும். "இன்னொரு தடவை சொல்லுங்களேன்... ப்ளீஸ்..."

"உண்மையை ஒரு தடவை சொன்னா போதும் சார். பொய் சொல்றவங்கதான் திருப்பித் திருப்பிச் சொல்வாங்க."

அவன் முகம் லேசாக வாடிப்போனது. ஒரு நிமிஷம்தான் அவளால் அதைத் தாங்க முடிந்தது. அவன் பக்கமாகச் சாய்ந்து, மழையையும் தாண்டிக் கேட்கும்படி, மெல்லச் சொன்னாள்...

"பிடிச்சிருக்கு."