நாற்பது கேள்விகளில் ஒரு குமாஸ்தா

பதினேழாவது கேள்விக்கு யாரோ பதில் எழுதியிருந்தார்கள்.

எழுத்தாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தொடர்கதையில் புதிதாக ஒருவனை நுழைக்கும் முன்பு, அவனைப் பற்றி நாற்பது கேள்விகள் கொண்ட தாளை நிரப்புவது அவர் வழக்கம். பதினாறு வரைக்கும்தான் முடித்திருந்தார். ‘இவன் யாரைக் கண்டு பயப்படுகிறான்?’ என்ற வரிக்கு நேரே, அவர் கையெழுத்திலேயே, ஆனால் தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, ‘உங்களைத்தான்’ என்று இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு மயக்கத்தில் தானே கிறுக்கியிருப்போம் என்று அதை அடித்துவிட்டார்.

எல்லாம் தொடர்கதை வரும் பத்திரிகையின் உதவி ஆசிரியர் காலையில் போனில் ஏற்றிவிட்ட எரிச்சல். “சார், போன தடவை வந்த ஆள் அட்டைப் பொம்மை மாதிரி இருந்தான்னு நிறைய கடிதம். இந்தத் தடவை கொஞ்சம் உயிரோட பண்ணுங்க சார்.”

உயிராம்! முப்பது வருஷமாக வாரம் தவறாமல் எழுதுகிறவருக்கு வாசகர்களைத் தெரியாதா? அந்தக் கூட்டத்துக்கு வேண்டியது காலில் போட்டு மிதிக்க ஓர் ஆள். ஆகவே ஒரு குமாஸ்தாவைப் பண்ணினார். நனைந்த சாக்கு நாற்றம். சின்ன வயதில் உடைந்து, யாரும் வைத்தியம் பார்க்காமல் விட்டதால், மூச்சு விட்டால் விசில் அடிக்கும் மூக்கு. கடித்துக் கடித்து நுனி பிய்ந்த, அளவுக்கு மீறி நீண்ட விரல்கள். அம்மா: கிடையாது. அன்பாகத் தொட்டவர்கள்: யாருமில்லை. ஒவ்வொன்றையும் எழுதி எழுதித் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

டீ கொண்டுவந்த மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். அவர் எழுதுவதையெல்லாம் அழகாகப் பிரதி எடுத்துக் கொடுப்பவள் அவள்தான்.

“இவ்வளவையும் ஒருத்தன் தலையிலயா கட்டுவீங்க? பாவம், நல்லதா ஒண்ணே ஒண்ணு குடுங்களேன்.”

“பாவமா? மையில பண்ணின பூச்சி அது. நீ பிரதி எடுக்கிற வேலையப் பாரு.”

“நீங்க யாரத்தான் மனுஷனா மதிச்சிருக்கீங்க!” டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கே அறை இருண்டு, ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்க, அந்தக் கோடுகளின் நிழல் தாளின் மேல் புழுக்கள் மாதிரி ஊர்ந்துகொண்டிருக்க, கதவிடுக்கு வழியாக மெதுவாக, கூச்சப்படுகிறவன் மாதிரி தயங்கித் தயங்கி, ஒரு நாற்றம் உள்ளே வந்தது. நனைந்த சாக்கு.

கூடத்தில் மனைவியின் குரல்.

“யாரு? ஐயோ, இப்படி நனைஞ்சிருக்கீங்களே! அவர் உள்ளதான் இருக்கார். முதல்ல உக்காருங்க, துண்டு எடுத்துட்டு வர்றேன்.”

பதிலுக்கு வந்தது மெலிதாக ஒரு விசில். நின்றது. மறுபடி விசில். யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

எழுத்தாளர் தாளைப் பார்த்தார். பதினெட்டிலிருந்து நாற்பது வரை எல்லா வரியும் நிரம்பியிருந்தது. உங்களைத்தான். உங்களைத்தான். உங்களைத்தான்.

தான் பயந்ததே அவருக்கு அவமானமாக இருந்தது. என் பேனாவில் பிறந்த நாய், என் வீட்டுக்குள்ளேயே வருகிறதா? நல்லதாக ஒன்று எழுதினால் போய்விடுவானோ என்று ஒரு கணம் தோன்றியது. இவனுக்கா? தூ!

தாளின் மேற்பகுதிக்குப் போய், முதல் கேள்விகளைத் தேடினார். ‘கண்கள்: சின்னவை, எப்போதும் நீர் கோத்தவை.’ அடித்தார். ‘கிடையாது’ என்று எழுதினார். ‘வாய்: கோணல்.’ அடித்தார். ‘கிடையாது.’

கூடத்தில் நாற்காலி கீச்சிட்டது.

“இந்தாங்க, தலையத் துவட்—”

அவ்வளவுதான். அலறல் இல்லை. ஏதோ விழுந்த சத்தமும் இல்லை. ஈரமான எதையோ விடாமல் பிசைகிற ஓசை. பிறகு அதுவும் நின்றது.

ஒழிந்தான் என்று நினைத்தார். “இந்தாம்மா,” என்று கூப்பிட்டார். “போயிட்டானா?”

மழை. விசில். மழை.

எழுந்தார். முழங்கால் மேஜையில் இடித்தது. கதவைத் திறந்தார்.

மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் துண்டு. கண்கள் அகல விரிந்து அவரையே பார்த்தன. தொண்டை ஏறி இறங்கியது, ஏறி இறங்கியது. மூக்குக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று வெறும் தோல்.

அவள் பக்கத்தில் அவன். ஒட்டிய சட்டை. நெற்றியிலிருந்து மூக்கு வரை ஒன்றுமில்லை. அதற்குக் கீழே, இன்னும் சரியாகப் பொருந்தாமல், ஒரு பக்கம் சற்றுத் தொங்கியபடி, அவள் உதடுகள்.

“இவங்க நல்லவங்க,” என்றன அந்த உதடுகள், அவள் குரலிலேயே. “கேட்டதும் குடுத்தாங்க.”

நீண்ட விரல்கள் சுவரைத் தடவின. கதவு நிலையைத் தடவின. அவர் சட்டையில் ஈரமாக ஊர்ந்து, கழுத்தில் ஏறி, கன்னத்தில் ஏறி, கண்ணாடியைப் பக்குவமாகக் கழற்றின.