நுரைத்த செம்மண்

சாரல் தொடங்கியதிலிருந்து ஆவுடைநாயகத்துக்கு முழங்கால் வலி. துப்பறியும் தொழிலே போதும் என்று அவர் அலுத்திருந்த மதியத்தில் ஜோதிலட்சுமி நனைந்தபடி வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, குற்றாலத்துல அத்தனை பேரு பாக்க எங்க வீட்டுக்காரரப் போலீசு கூட்டிட்டுப் போயிட்டாவ. வைரத்தோடு திருடிட்டாராம். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோவாவளாம்.”

குற்றால அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடும் அவள் கணவன் சங்கிலிப்பாண்டி அன்று காலை தென்காசியில் சுப்புராமனுக்கு எண்ணெய் தேய்க்கப் போயிருந்தான். அதன்பிறகுதான் பீரோவிலிருந்த அவர் மனைவியின் தோடு காணவில்லை.

உதவியாளர் ஜெயபிரியா அதற்குள் ஸ்கூட்டரை எடுத்துவிட்டாள்.

“முழங்கால் வலிக்கு பிள்ள” என்றார் அவர்.

“வந்துட்டுப் படுங்க சார்.”

சுப்புராமன் வீட்டில் எஸ்.ஐ. வீரபாகு பீரோ முன்னாலிருந்த சிவப்புக் காலடியைக் காட்டினார். ஆண் கால். பிளாஸ்டிக் பையில் சங்கிலிப்பாண்டியின் சேறு படிந்த செருப்பு.

“செருப்புல செம்மண், தரையில செம்மண். இதுல துப்பறிய என்ன இருக்கு அண்ணாச்சி?”

பக்கத்தில் பூஜையறை. மழைக்காக ஆடி வெள்ளிக் கோலத்தை உள்ளேயே போட்டிருந்தார்கள். சுற்றியிருந்த சிவப்புப் பட்டை ஒரு மூலையில் கலைந்திருந்தது.

“செம்மண் எங்கன எடுத்தீங்க?” என்று ஜெயபிரியா மருமகள் ஸ்மிருதியைக் கேட்டாள்.

“பெங்களூர்லேர்ந்து பாக்கெட் கொண்டுவந்தேன்.”

“தேய்க்கும்போது நான் கண் அசந்துட்டேன்” என்றார் சுப்புராமன். மகன் கேஷவ், தான் அந்தப் பக்கமே போகவில்லை என்றான்.

ஆவுடைநாயகம் எலுமிச்சம்பழம் கேட்டார். சாறு பட்டதும் காலடி மெல்ல நுரைத்தது. கோலப் பட்டையும் நுரைத்தது. செருப்புச் சேறு சாற்றைக் குடித்துவிட்டுச் சும்மா கிடந்தது.

“பாக்கெட்டுல இருக்கது சாயம் ஏத்துன கல்லுப்பொடி. சுண்ணாம்புக்கல் இனம், புளிப்பு பட்டா நுரைக்கும். நம்ம செம்மண்ணுல மழை சுண்ணாம்பையெல்லாம் கரைச்சுட்டு, மிச்சம் இரும்புத் துருதான். அது நுரைக்காது” என்றார் சலிப்போடு. “சேத்துக்காலோட வந்தான்னுதான உங்க வழக்கு? இந்தக் காலடியில சேறே இல்ல. பீரோக் கைப்பிடியில அவன் எண்ணெய்க்கை பட்ட தடமும் இல்ல. பெரியவர் காலெல்லாம் எண்ணெய். அவர் நடந்திருந்தா தரை மினுங்கும். மிச்சம் ஒரே ஆம்பளை.”

கேஷவ் தலை குனிந்தான். “கடனை அடைக்க எனக்கு வேற வழி தெரியலப்பா.”

“கேட்டிருந்தா உங்கம்மாவே எடுத்துக் குடுத்திருப்பாளேடா” என்றார் சுப்புராமன். பிறகு வீரபாகுவிடம் மெதுவாகச் சொன்னார்: “சங்கிலிப்பாண்டியை விட்டுடுங்கோ. விஷயம் வெளியில போக வேண்டாம்.”

பின்னாலேயே பஸ்ஸில் வந்து வாசலில் நின்ற ஜோதிலட்சுமி உள்ளே வரவில்லை.

“அத்தன பேரு பாக்கத்தான கூட்டிட்டுப் போனாவ. அங்கனயே வந்து, அவரு திருடலன்னு அத்தன பேரும் கேக்கச் சொல்லுங்க ஐயா.”

சுப்புராமன் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் செருப்பைத் தேடினார்.