மொறுமொறு கோட்டு

சிட்டுவின் அம்மா கோட்டைக் கழற்றுவதே இல்லை. பிறந்த ஊரில் சண்டை மூண்டபோது போட்டுக்கொண்டு ஓடிவந்த கோட்டு அது. புது ஊருக்கு வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. ரொட்டிக்கடையில் அடுப்புக்கு முன்னால் நின்று வேலை செய்யும்போதுகூட அம்மா அதற்குள்தான் வெந்துகொண்டிருப்பாள்.

காரணம் சிட்டுவுக்கு மட்டும் தெரியும். சம்பளத்தில் மிஞ்சுவதையெல்லாம் அம்மா கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துவிடுவாள். கட்டிப்பிடித்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும். சிட்டுவுக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. சில நாள் கனவில் அந்தக் கோட்டு இறக்கை விரித்து, அம்மாவைத் தூக்கிக்கொண்டு மேகத்துக்குள் போய்விடும். சிட்டு கீழே நின்று கத்துவாள்.

"பேங்க்ல போடலாமேம்மா. எங்க டீச்சர்கூட சொன்னாங்க."

"போட்டா அது அவங்க காசு. திடீர்னு மறுபடியும் ஓடணும்னா என்னடி பண்றது?"

"ஒரே ஒரு நோட்டு போட்டுப் பார்ப்போம். நாளைக்கே திருப்பிக் கேட்போம்."

அம்மா அரைமனதோடு சம்மதித்தாள். ஆனால் அவள் லேசுப்பட்டவளா? நோட்டின் மூலையில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டாள். அதைக் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்கினாள்.

மறுநாள் பேங்குக்குப் போய்த் திருப்பிக் கேட்டபோது, கவுன்ட்டர் அக்கா வேறொரு நோட்டை நீட்டினார்.

"இது என்னோடது இல்ல! சிவப்பு நூல் எங்கே?" அம்மாவின் குரல் உடைந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. கவுன்ட்டர் அக்கா திருதிருவென்று விழித்தார். சிட்டுவுக்குத்தான் விஷயம் புரிந்தது.

"அம்மா, பக்கத்து வீட்டு அத்தை நம்மகிட்ட ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கினாங்கல்ல? திருப்பித் தந்தப்போ, அதே சர்க்கரையான்னா கேட்டோம்?"

"ஒரு டம்ளர் இருக்கான்னு பார்த்தோம்."

"இங்கேயும் அப்படித்தான். நம்ம அளவு இந்த பேங்க் புத்தகத்துல எழுதியிருக்கு."

அம்மா யோசித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "வேற ஊருக்குப் போயிட்டா?"

"அங்கே இருக்கிற எங்க கிளையில எடுத்துக்கலாம்மா" என்றார் அக்கா.

"கத்தரிக்கோல் இருக்குமா?" என்றாள் அம்மா.

அங்கேயே உட்கார்ந்து கோட்டின் தையலைப் பிரித்தாள். வரிசையில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

சிவப்பு நூல் நோட்டு இப்போது யார் பையில் ஊர் சுற்றுகிறதோ என்று நினைத்தபடியே சிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

கோட்டு ஆணியில் தொங்கியது. சிட்டு அம்மாவைக் கட்டிப்பிடித்து, நெஞ்சில் காதை வைத்தாள். மொறுமொறு இல்லை. டப் டப் என்று மெல்லிய சத்தம் மட்டும் வந்தது.

"என்னடி கேக்குது?"

"உஷ்! பேசாம இரும்மா. எட்டு மாசத்துக்கும் சேர்த்துக் கேட்டுக்கிறேன்."