ஒளிரக் கூடாத தட்டு

அம்மாவின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இருட்டறை உண்டு. ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் கும்மிருட்டுதான். மூலையில் ஒரு பெட்டி, யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே இருக்கும். சிறுமி வாலுவுக்கு அந்த அறையைக் கண்டாலே உதறல். ஆனால் இன்று பள்ளி விடுமுறை. வீட்டில் யாருமில்லை. வேறு வழி?

அம்மா அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு வட்டத் தட்டுகளை எடுத்தார். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் வளர்ந்துகொண்டிருந்தன.

"நேத்து ஒரு தட்டுக்கு மட்டும் கரண்ட் ஷாக் கொடுத்தேன். செல்லோட தோல்ல குட்டிக் குட்டி ஓட்டை விழும். அது வழியா ஒளிர வைக்கிற ஜீன் உள்ளே போயிடும். உடனே ஓட்டை மூடிக்கும்."

"அதுங்களுக்கு வலிக்காதா?"

"வலிக்காது. ஆனா கொஞ்சம் செத்துப்போகும்."

"ஐயோ, பாவம்மா!"

"இன்னொரு தட்டை நான் ஒண்ணும் செய்யல. அது ஒளிரக் கூடாது."

அம்மா விளக்கை அணைத்து, நுண்ணோக்கியின் நீல ஒளியைப் போட்டார். திரையில் பச்சைப் புள்ளிகள் எழுந்தன. இருட்டுக்குள்ளிருந்து நூறு கண்கள் அவர்களையே முறைத்தன.

"இது ஒண்ணும் செய்யாத தட்டு!" அம்மா அவசரமாக அடுத்த தட்டை வைத்துப் பார்த்தார். ஷாக் கொடுத்த தட்டோ இருண்டு கிடந்தது.

"பேயாம்மா?"

"பேயா இருந்தா தேவலையே. ஜீன் எங்கயோ கலந்துடுச்சு. மூணு மாச உழைப்பு! எல்லாத்தையும் கொட்டணும்."

அம்மா கிருமிநாசினி பாட்டிலை எடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

உயிரோடு இருப்பதைக் கொட்டுவதா? வாலுவுக்கு மனசே வரவில்லை. கடைசியாக ஒருமுறை, நுண்ணோக்கியின் சாதாரண வெளிச்சத்தில், ஒளிர்ந்த அந்தத் தட்டைப் பார்த்தாள். சுருங்கிப்போன செல்கள் அங்கங்கே மிதந்தன. அடுத்த தட்டையும் பார்த்தாள். அதில் அப்படி எதுவும் இல்லை.

"அம்மா, கொட்டாதே! ஒண்ணும் செய்யாத தட்டுல ஏன் இத்தனை செத்துக் கிடக்கு?"

அம்மா குனிந்து பார்த்தார்.

"பேரை எங்கே எழுதினே?" என்று கேட்டாள் வாலு.

"மூடியில..."

"காலையில செல்லுக்குச் சாப்பாடு மாத்தறப்போ ரெண்டு மூடியையும் ஒண்ணாத் திறந்தியே. நம்ம வீட்டு டிபன் பாக்ஸ் மாதிரி மூடி மாறிடுச்சும்மா!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அப்போ பேய் நான்தானா?"

இந்த முறை தட்டுகளின் அடியிலேயே பெயரை எழுதினார். பிறகு விளக்கை அணைத்து, நீல ஒளியை மறுபடி போட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பச்சைப் புள்ளி மெல்ல நெளிந்தது. நடுவில் ஒடுங்கியது. இரண்டானது. இரண்டுமே ஒளிர்ந்தன.

"வீட்டுக்குப் போலாமா?" அம்மா விளக்கைப் போடக் கை நீட்டினார்.

"போடாதேம்மா," என்றாள் வாலு. "இன்னும் கொஞ்ச நேரம்."