இறக்கத்தில் நியூட்ரல்!

போன் அலறியது.

காலை ஆறே முக்கால். கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் தன் கராஜைத் திறந்துகொண்டிருந்த நிரஞ்சனி, தேநீரைக் கீழே வைத்துவிட்டு எடுத்தாள்.

"என் கார் எங்க?"

திருச்செல்வம்! கண்டியில் புடவைக்கடை வைத்திருப்பவர். பதினைந்து வருஷப் பழைய ஜப்பான் ஹைபிரிட் கார் ஒன்றைச் செல்லப்பிள்ளையாக வளர்ப்பவர். தோல் சீட், மர ஸ்டியரிங், சத்தமே இல்லாத ஓட்டம்... மற்ற மெக்கானிக்குகள் அதன் பொனட்டைத் திறக்கவே தயங்குவார்கள். மூன்று நாளைக்கு முன்புதான் நிரஞ்சனி அதை சர்வீஸ் செய்து அனுப்பியிருந்தாள்.

"வீட்டுலதானே இருக்கும் முதலாளி?"

"இருந்தா உன்கிட்ட ஏன் கேக்குறேன்? ஒரு சாவி என் கையில. மத்தது எப்பவும் அலுமாரியில, சேலைக்கு அடியில. மூணாவது சாவி செய்யத் தெரிஞ்ச ஆள் இந்தப் பக்கத்துல நீ ஒருத்திதான். பொலிசுக்குச் சொல்லியாச்சு."

லைன் கட்!

பொம்பிளையாவது, ஹைபிரிட் பார்ப்பதாவது என்று சிரித்தவர்களே இன்று அவள் கராஜில் வரிசையில் நிற்கிறார்கள். ஆறு வருஷம் பாடுபட்டு எடுத்த பெயர். கள்ளச்சாவி என்று ஒரு வார்த்தை கிளம்பினால் போதும்... நாளைக்கு ஒரு சைக்கிளைக்கூட அவளை நம்பி விடமாட்டார்கள்!

அரை மணியில் பொலிஸ் ஜீப் வந்தது. சார்ஜன்ட் அஸ்ஃபர் இறங்கினார். பின்சீட்டில் திருச்செல்வம், முகம் முழுக்கக் கடுகு வெடித்தபடி.

கார் கிடைத்துவிட்டது என்றார் அஸ்ஃபர். கடுகண்ணாவை இறக்கத்தின் அடியில், ஆளில்லாமல், அசையாமல் நிற்கிறதாம். நிரஞ்சனி கோளாறு பார்க்கும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

வழி நெடுகத் திருச்செல்வம் புலம்பினார். மனைவி இராஜகுமாரி விடியுமுன்னே கோயிலுக்குப் போய்விட்டாளாம். பாவம், அவளுக்கு இன்னும் விஷயமே தெரியாதாம். கேட்டால் நெஞ்சு வெடித்துவிடுமாம்.

கார் ஓரமாக நின்றது. கீறல்கூட இல்லை. திருச்செல்வம் கதவைத் திறந்துவிட, நிரஞ்சனி ஸ்கேனரை மாட்டினாள்.

பார்த்தாள்... சிரித்தாள்!

"பெரிய பேட்டரி சுத்தமா காலி, சேர்."

"அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?" என்றார் அஸ்ஃபர்.

"ஹைபிரிட் இறக்கத்துல இறங்க இறங்க பேட்டரி நிரம்பும். இவ்வளவு பெரிய இறக்கத்துக்கு வயிறு முட்ட நிரம்பியிருக்கணும். நியூட்ரல்ல விட்டா மட்டும்தான் நிரம்பாது. யாரோ ஏசியையும் போட்டுக்கிட்டு நியூட்ரல்ல உருட்டிட்டு வந்திருக்காங்க. பழைய பேட்டரி, செத்துப்போச்சு. நான் திருடியிருந்தா இந்தத் தப்பைச் செய்வேனா?"

அஸ்ஃபரின் மீசை மெல்ல விரிந்தது.

திருச்செல்வம் மட்டும் குனிந்து டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார். ஏன்?

நிரஞ்சனி சொன்னாள். முதலாளி கடை போடுமுன் தேயிலை லொறி ஓட்டியவர். இறக்கம் வந்தால் நியூட்ரல் போட்டு எண்ணெய் மிச்சம் பிடிப்பது அந்தக் காலத்துப் பழக்கம். காரிலும் அதைத்தான் செய்கிறார். ஒவ்வொரு சர்வீசுக்கும் அவள் திட்டுவாள்... அவரும் தலையாட்டிவிட்டுப் போவார்!

"அப்ப கள்ளன் நீங்களா ஈக்குமோ?" அஸ்ஃபர் அவர் பக்கம் திரும்பினார். "இன்சூரன்ஸ் எவ்வளவுக்குப் போட்டு ஈக்குது?"

புடவைக்கடைக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்படியே விட்டிருக்கலாம். நிரஞ்சனிக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மனசு கேட்கவில்லை. சொகுசுக் கார் அல்லவா, சீட்டுக்கும் ஞாபகசக்தி உண்டு. ஆளுக்கு ஒரு பொத்தான். சர்வீசின்போது சின்ன பேட்டரியைக் கழற்றியதில் எல்லாம் அழிந்துபோக, முதலாளியின் ஆறடிக்கு ஒன்றாம் பொத்தானை மட்டும்தான் அவள் திரும்பப் பதிந்து கொடுத்திருந்தாள்.

இரண்டாம் பொத்தானை அழுத்தினாள்.

உஸ்ஸ்ஸ்...

சீட் முன்னால் நகர்ந்தது. இன்னும் நகர்ந்தது. உயர்ந்தது. ஸ்டியரிங்கை முட்டுகிற மாதிரிப் போய் நின்றது!

"மூணு நாளுக்குள்ள யாரோ புதுசாப் பதிஞ்சிருக்காங்க," என்றாள் நிரஞ்சனி. "ஆள் அஞ்சடிகூட இல்ல."

சொல்லி வாய் மூடவில்லை. த்ரீவீல் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கையில் பெற்றோல் கேனோடு ஒருவர் இறங்கினார்.

இராஜகுமாரி! நாலடி பதினொரு அங்குலம்!

ஜீப்பைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். கேனைச் சேலைக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார்.

"பெற்றோல் தீர்ந்துபோச்சுன்னு நெனச்சேன்..."

லைசன்ஸ் எடுத்து மூன்று மாதமாம். கேட்டால் கார் கீறிவிடும் என்று தரமாட்டார் என்பதால், கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு அலுமாரியில் இருந்த கார்ச் சாவியை எடுத்தாராம். மலைக்குக் கீழே மாவனல்லை வரைக்கும் போய்த் திரும்ப ஆசையாம்.

"நியூட்ரல்ல விடச் சொல்லி உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தது?" திருச்செல்வம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமாப் பக்கத்து சீட்டுல இருந்து உங்களைத்தானே பாக்குறேன்."

நிரஞ்சனியைச் சந்தேகப்பட்ட கதை தெரிந்ததும் இராஜகுமாரிக்குக் கோபம் வந்தது. புருஷனை நடுரோட்டிலேயே மன்னிப்புக் கேட்க வைத்தார். கடையிலும் நாலு பேர் முன்னால் கேட்பதாக அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் விட்டார். நிரஞ்சனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அஸ்ஃபர் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"கள்ளியப் பிடிச்சாச்சு. பிணைக்குக் கையெழுத்து வைக்கிறீங்களா சேர், இல்லாட்டி உள்ள போடவா?"

திருச்செல்வம் பேனாவைத் தேடினார். இராஜகுமாரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உள்ளயே போடுங்க சேர். அங்க சோறு நீங்கதானே ஆக்கிப் போடுவீங்க?"