நாற்பத்தேழு நிமிட நெஞ்சுவலி

வலியில்லாத ஒரு நாளின் விலை ஆயிரத்து நானூறு ரூபாய். நாச்சிமுத்து அதை ஆயிரத்து நூற்றெண்பதுக்கு முடித்திருந்தார்.

ஈரோட்டில் ஐம்பது வருடம் மஞ்சள் மண்டி நடத்தியவர் அவர். விரலி மஞ்சளைக் காதோரம் வைத்து ஒடித்து, அந்தச் சத்தத்திலேயே சரக்கு எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரிடம் அச்சடித்த விலைப்பட்டியலை நீட்டியது கம்பெனியின் குற்றம். நாள் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, பன்னிரண்டு மணி நேரம் போதும் என்று எழுதி வாங்கினார். இரவுக்குத் தூக்க மாத்திரை மலிவு. நெஞ்சுவலிக்கு மட்டும் மூன்று மடங்கு என்ற வரியை அவரால் அசைக்க முடியவில்லை. "வராத சரக்குக்கு எதுக்குங் பேரம்" என்று கையெழுத்துப் போட்டார்.

நோவுமாற்றி, புளியங்கொட்டை அளவு வில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டால், உடம்பிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியை வழியிலேயே மறித்து, எங்கோ இருக்கும் இன்னொருவரின் வில்லைக்கு அனுப்பிவிடும். வலியை அழிக்க முடியாது, யாராவது ஒருவர் பட்டுத் தீர்த்தால்தான் அடங்கும் என்பது விஞ்ஞானிகள் இருபது வருடம் ஆராய்ந்து கண்ட முடிவு. ஆனால் அந்த யாராவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கூலிக்கு வலி சுமப்பவர்களுக்கு நோவாள் என்று பெயர். அவர்கள் பெயர், ஊர், முகம் எதையும் கம்பெனி வெளியிடாது. நாச்சிமுத்துவின் இரண்டு முட்டிகளையும் இடுப்பையும் சுமந்தது நோவாள் 3316, ஒரு பெண்.

வில்லை ஒட்டிய அன்று மாடிப்படியில் மூன்று தடவை ஏறி இறங்கினார். காசு கொடுத்ததற்கு அனுபவிக்க வேண்டாமா?

வலி போனதும் கூடவே பேச்சும் போனதை அவர் இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தார். ஆக்லாந்திலிருந்து மகன் ஞாயிறுதோறும் கூப்பிட்டு, "முட்டி எப்படி இருக்குதுங்கப்பா?" என்று ஆரம்பிப்பான்; அதை வைத்தே கால் மணி நேரம் ஓடும். இப்போது "வலியே இல்லடா" என்று சொன்னதும் இருவரும் அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் முழித்தார்கள். பூங்காவில் தினமும் கூடி, உன் இடுப்பா என் இடுப்பா என்று ஏலம் விட்ட ஐந்து கிழவர்களும் வரிசையாக வில்லை ஒட்டிக்கொண்டார்கள். ஒரு வாரம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மனைவி போய் ஆறு வருடம். "அம்மா" என்று முனகினால் எட்டிப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் இப்போது எட்டிப் பார்க்கக் காரணம் இல்லை.

மிஞ்சியது பேரநேரம். மாதம் ஒரு முறை, முதல் தேதி, பத்து நிமிடம், அடுத்த மாதக் கூலியை அவரும் அந்த 3316-உம் போனில் பேசிக்கொள்ளலாம். கம்பெனி இயந்திரம் ஒட்டுக்கேட்கும். பெயரோ ஊரோ போன் நம்பரோ வாயில் வந்தால் லைனை வெட்டிவிடும். விலை பேசலாம், வலி பேசலாம், அவ்வளவுதான். நாச்சிமுத்து அந்தப் பத்து நிமிடத்துக்காக முகச்சவரம் செய்துகொண்டார்.

"என்னங்கய்யா, நேத்து வாசப்படியில சுண்டுவிரல இடிச்சுக்கிட்டீங்களா? எடது காலு?"

"உனக்கெப்புடி அம்மிணி... அட, உனக்குத்தானே தெரியும்!"

"மீன் கழுவிக்கிட்டிருந்தவ ஆத்தாடின்னு கத்திட்டேன். படியும் உங்களுது, காலும் உங்களுது. கத்துறது மட்டும் நானா?"

"கத்துனதுக்குத் தனியாக் காசு கேப்பியாட்ட இருக்குது?"

"கேக்கலாம்தான். நீங்கதான் அஞ்சு ரூபாய்க்கு அரை மணி பேசுற ஆளாச்சே." பிறகு கேட்டாள்: "அது சரி, காலையில ஆறு மணிக்கு வலது கை விரல் மொளியில ரெண்டு தட்டு தட்டுதே, டொக் டொக்குன்னு? அது என்ன?"

நாச்சிமுத்துவுக்குக் காது சூடானது. "அது... எந்திரிக்கறப்ப செவுத்துல கை படுதாக்கு."

"தெனமும் சரியா ரெண்டு தடவதான் படுது."

அவள் பார்த்துவிடுவாள் என்பதுபோல அவர் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"சரி, படட்டுங்கய்யா."

ஏழாவது மாதம் அவர் ஒரு வேலை செய்தார். பேச ஆரம்பித்ததுமே, "அம்மிணி, இன்னிக்கு நான் சொல்ற வெலையெல்லாம் வரிசையா எழுதிக்கோ. எனக்கு ஆயிரம் பெருசில்ல, சில்லறைதான் முக்கியம், புரியுதா?" என்றார். பிறகு ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டு என்றார். அவள் முடியாது என்றாள். ஆயிரத்து நாற்பத்திரண்டு என்றார். அவள் சிரித்தாள். ஆயிரத்து ஏழு என்றபோது அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். இன்னும் இரண்டு விலை சொன்னார். ஆக ஐந்து விலை, ஐந்து சில்லறை, பத்து இலக்கம்.

"எதுவும் கட்டாதுங்கய்யா. பழைய வெலைதான்" என்றாள், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். கடற்கரை மீன் ஏலத்தில் நின்றவளாகத்தான் இருக்க வேண்டும் என்று நாச்சிமுத்து முடிவு செய்தார். இயந்திரம், பாவம், வெறும் பேரம் என்று நினைத்துக்கொண்டது.

அவள் கூப்பிடவில்லை. மூன்று வாரம் போனை மேசைமேல் நிமிர்த்தியே வைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். லேசாக வியர்த்தது, மின்விசிறியைத் திட்டினார். போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"அய்யா, நாந்தான். சில்லறைய எழுதி வச்சவ."

"அடடே! வா அம்மிணி, வா! சாப்பிட்டியா?" கிழவர் எழுந்தே நின்றுவிட்டார். பின்னணியில் ரயில் ஓடும் சத்தம்.

"நிக்காதீங்க, உக்காருங்க. உங்களுக்கு நெஞ்சு வலிக்குது."

"எனக்கா?"

"உங்களுக்குத்தான். கல்ல வச்சு அழுத்துற மாதிரி இருக்கு. கம்பெனிக்குப் போட்டேன். உங்கள் அழைப்பு முக்கியம்னு பாட்டுப் போடுறான். கம்பெனி போன்ல வேற எங்கயும் பேச முடியாது. பக்கத்துல இருக்கவர்ட்ட போன் வாங்கிப் பேசுறேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

நாச்சிமுத்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் அடியிலிருந்து ஐம்பது வருடத்து வியாபாரி மெல்லத் தலையைத் தூக்கினான். நெஞ்சுவலிக்கு மூன்று மடங்கு. அடுத்த வாரம் பண்டிகை. இந்தப் பெண் மூன்று வாரம் கூப்பிடாமல் இருந்துவிட்டு இன்றைக்கு ஏன் கூப்பிடுகிறாள்?

"அம்மிணி," என்றார் நிதானமாக, "எனக்கே இல்லாத வலி உனக்கெப்புடி வரும்?"

"அதுக்குத்தானய்யா நீங்க காசு குடுக்குறீங்க!"

"மூணு மடங்குன்னு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

எதிர்ப்பக்கம் மூச்சு இழுபட்டது. விற்க வந்தவர்கள் அழுவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார், நன்றாகவே அழுவார்கள். சென்ற மாதம் என்ன வலி, இந்த மாதம் என்ன வலி என்று குறுக்குக் கேள்விகள் கேட்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"சரிங்கய்யா, மூணு வேணாம். ரெண்டு மடங்கு குடுங்க. எந்திரிங்க."

பார்த்தாயா, இறங்குகிறாள். "ஒண்ணரை" என்றது அவர் வாய், அவரைக் கேட்காமலே.

"பழைய வெலையே போதும்."

"பழைய வெலைன்னா..."

"ஒண்ணும் வேணாங்கய்யா!" அவள் கத்தினாள். "சும்மா தூக்கிக்கிறேன். காசே வேணாம். கெளம்புங்க!"

நாச்சிமுத்துவின் கை காப்பி டம்ளரோடு நின்றது. விலை சரியும், மலையிலிருந்து மேட்டுக்கு வரும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வரும். சைபருக்கு வந்து அவர் பார்த்ததில்லை. சும்மா எடுத்துக்கொள் என்று ஒருவன் சொன்னால், ஒன்று சரக்கு புழுத்திருக்க வேண்டும். அல்லது கிடங்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் பேரம் பேசியிருந்தார்.

"அம்மிணி, இதக் கழட்டிப் பாக்கட்டுமா?"

"கழட்டாதீங்க! கழட்டுனா வாசல் வரைக்கும்கூட நடக்க மாட்டீங்க. நான் உக்காந்துதான் இருக்கேன். நீங்க நடங்க."

நடந்தார். வாசல் பொத்தானை அமுக்கியதும் ஆளில்லா ஆம்புலன்ஸ் வந்து கதவைத் திறந்தது. பஸ் ஏறுவதுபோல ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்த இளம் டாக்டர், "வலி எங்கே இருக்கு? எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டாள்.

"தெரியலீங்களே," என்று அவர் போனை நீட்டினார். "அந்தம்மாவக் கேளுங்."

டாக்டர் முதலில் முறைத்தாள். பிறகு காதுக்குப் பின்னால் வில்லையைப் பார்த்ததும் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நடு நெஞ்சுலதான் டாக்டரம்மா. எடது கைல எறங்குது. இப்ப தாடைக்கும் ஏறுது. வாந்தி வர்ற மாதிரி இருக்கு."

"பத்துக்கு எவ்வளவு?"

"எனக்குப் பத்து. அவருக்கு எவ்வளவோ தெரியாது. பாவம், வயசான ஆளு."

தன் சாவைப் பற்றி இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதை நாச்சிமுத்து மூன்றாம் மனிதனாகப் படுத்துக்கொண்டு கேட்டார். அடைப்பு பெரியது, உடனே குழாய் விட்டு எடுக்க வேண்டும், அந்த மேசையில் வில்லை இருக்கக் கூடாது.

"கழட்டப் போறாங்களா?" என்றாள் அவள். "ஒரு நிமிசம் இருங்க. அய்யா, பல்ல நல்லாக் கடிச்சுக்கங்க. மூச்ச அடக்காதீங்க, விட்டு விட்டு வாங்குங்க. கொஞ்சம் பழகிரும்."

வில்லை பிரிந்தது. அவருடைய நெஞ்சுவலி அவரிடம் வந்து சேர்ந்தது. இத்தனை நேரம் இதையா சுமந்தாய் என்று கேட்க வாயைத் திறந்தார், அலறல்தான் வந்தது. போனிலிருந்து நீளமாக ஒரு மூச்சும் "அப்பாடா" என்ற ஒரு சொல்லும் கேட்டன. அதற்குள் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிழைத்துக்கொண்டார். மகன் திரையில் அழுதான். "ரொம்ப வலிச்சுதாப்பா?"

"கடைசி ரெண்டு நிமிசந்தான், கண்ணு."

நான்காம் நாள் அந்தத் தெரியாத நம்பருக்குப் போட்டார். ஆண் குரல் எடுத்தது. "ஓ, அந்த அம்மாவா? ராமேஸ்வரத்துலேர்ந்து மதுர வர்ற ரயிலு அண்ணே. முந்தானையக் கடிச்சுக்கிட்டு, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு, நடுவுல நடுவுல போன்ல பேசுது. நாங்க அதத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்னு சங்கிலிய இழுக்கப் போனோம். 'எனக்கில்லப்பா, போன்ல இருக்க பெரியவருக்கு'ன்னுச்சு. அப்புறம் தண்ணி குடிச்சுச்சு, போனைக் குடுத்துச்சு, எறங்கிருச்சு. பரமக்குடியா, மானாமதுரையா... கவனிக்கல அண்ணே. பேரும் கேக்கல."

கம்பெனியில் கேட்டார். நோவாள் 3316 விதியை மீறி வாடிக்கையாளரிடம் நேரடியாகப் பேசியதால் நீக்கப்பட்டுவிட்டாள். அன்றைய கூலி பிடித்தம். எனவே நாச்சிமுத்து அன்றைக்கு எதுவும் கட்ட வேண்டியதில்லை. பில்லில் சைபர் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவளுடைய விலாசத்துக்கு என்ன விலை என்று கேட்டார். அது விற்பனைக்கு இல்லையாம்.

இரண்டு மாதம் கழித்துக் கம்பெனியே கூப்பிட்டது. ஆபத்தான வலி வந்தால் நோவாளே உங்களை நேரடியாகக் கூப்பிட்டுச் சொல்லும் புதிய வசதி, மாதம் முந்நூறு ரூபாய் மட்டும். "நீங்கதான் சார் இதுக்கு முன்னோடி. உங்க அனுபவத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொன்னீங்கன்னா, புது நோவாள் ஒரு மாசம் இலவசம்."

"எனக்கு அனுபவமில்லீங்களே," என்றார் நாச்சிமுத்து. "அதெல்லாம் அந்தம்மாகிட்டல்ல இருக்குது."

வில்லையை மறுபடி ஒட்டிக்கொள்ளவில்லை. முட்டி வலித்தது. மகனுக்குப் பேசப் பழைய விஷயம் கிடைத்தது. காலை ஆறு மணிக்குச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவதை மட்டும் அவர் விடவில்லை; அந்த வலி எங்கேயும் போகாமல் விரலிலேயே இருந்தது.

ஒரு நாள் பழைய மண்டி நோட்டை எடுத்து எழுதினார். நாளுக்கு ஆயிரத்து நூற்றெண்பது; மணிக்குத் தொண்ணூற்றெட்டே சொச்சம்; மூன்று மடங்கு இருநூற்றுத் தொண்ணூற்றைந்து. போனில் பதிவாகியிருந்த நாற்பத்தேழு நிமிடத்துக்கு இருநூற்று முப்பத்தொரு ரூபாய் எட்டுக் காசு. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார், சரியாகத்தான் இருந்தது.

கொடுக்க வேண்டியது: ரூ. 231.08. பெயர்: தெரியாது. ஊர்: தெரியாது.

அதற்குக் கீழே, பேரம் பேசிய ஒன்பது நிமிடம் என்று எழுதி, எதிரே கோடு போட்டு, தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டார்.